வியர்க்காத ஐஸ்

சென்ற வாரம் அக்காவைக் கையில் தொலைபேசியோடு நடு வராந்தாவில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

எல்லையோர மருத்துவமனை டாக்டர் அவளிடம் சொன்னது ஒரே செய்திதான். அவரிடம் வந்திருக்கும் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒன்று படர்ந்து மூச்சை அடைக்கிற அந்தப் பழைய வியாதி. எந்த வியாதியை ஐந்து நாடுகளிலிருந்து விரட்டுவதற்காக அக்கா பாதி வாழ்க்கையை விமானத்தில் கழித்தாளோ, அதே வியாதி.

"ஊசி போடாத பிள்ளைங்களா இருக்கும் டாக்டர்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எல்லாரும் போட்டவங்க மேடம். அதுவும் உங்க கேடயம் வாங்கின சென்டர்ல" என்றார் அவர்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஐந்து நாடுகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டத்தை ஓடி ஓடி நடத்துகிறவள் அக்கா. அவளுக்கு மேலே தலைவர் ஒருவர் உண்டு. வீட்டில் அவளுக்கு 'விமானம்' என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும் என்று அந்தப் பெயரை வைத்தவன் தம்பி. அவன் அதே திட்டத்தின் குளிர்க் கிடங்குக்குப் பொறுப்பாளன். அக்கா சிபாரிசில் உள்ளே நுழைந்தவன் என்று முதலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவன் வேலை செய்த அழகைப் பார்த்து அந்த நாலு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு நாளில் இன்னும் சில நாடுகளிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். தம்பியின் கிடங்கைச் சுற்றிப் பார்த்து, எங்களுக்கும் இதே முறை வேண்டும் என்று கையெழுத்துப் போடப் போகிறார்கள்.

ஆகவே, கிடங்குக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று. விடிந்ததும் அக்கா போய் இறங்கியபோது அந்த வாசனைதான் முதலில் மூக்கில் ஏறியது.

கனமான கதவு, அதன் விளிம்பில் ரப்பர் பட்டை. திறந்தால் முகத்தில் அறைகிற குளிர். ஆணியில் தொங்கும் பஞ்சு வைத்த சட்டைகள். எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரை. உள்ளே நுழைகிற யார் கண்ணும் நேராகப் போய் நிற்கும் சுவர் முழுக்கக் கேடயங்கள்.

"என்னக்கா, காலங்காத்தால? விருந்தாளிங்க நாளைக்குத்தான்" என்று தம்பி சிரித்துக்கொண்டே வந்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "எல்லைப் பக்கம் போன பெட்டியில போடாம திரும்பி வந்த குப்பி இருக்குமே, அதுல ஒண்ணு எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"கொண்டு வாடான்னா."

முந்தின நாள் மாலை, டாக்டரின் போன் வந்த கையோடு, அதே வகைக் குப்பி ஒன்றை அக்கா வேண்டுமென்றே உறைய வைக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அது இரவெல்லாம் கல்லாக உறைந்து, அவள் வந்ததும் வெளியே எடுத்து வைத்ததில் இப்போது முழுக்க உருகியிருந்தது. கிடங்கைவிட்டு வெளியே போகாத நல்ல குப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். நல்லது ஒன்று, அவள் கையாலேயே கெடுத்தது ஒன்று, எல்லையிலிருந்து திரும்பி வந்தது ஒன்று. மூன்றையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வரிசையாக நிறுத்தினாள்.

மூன்றும் நீர்த்த பால்போல ஒரே நிறத்தில் நின்றன.

"சோதனையா? இந்தக் கிடங்குலயா?" தம்பியின் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. "இந்தச் சதுரத்தைப் பாருக்கா. வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு துளி சூடு படல."

ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருக்கும். மருந்துக்குச் சூடு பட்டால் அது கறுத்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அந்தச் சதுரம்தான் சாமி. அதைப் பார்த்தால் நிம்மதி, அதைப் பார்த்தால் பயம்.

"சூடு படலடா" என்றாள் அக்கா. "குளிர் பட்டா அது காட்டுமா?"

காட்டாது என்பது தம்பிக்கும் தெரியும். இருவரும் குனிந்து குப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கெடுத்து வைத்த குப்பியில் முதலில் மாற்றம் தெரிந்தது. பால் நிறம் மெல்லக் கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அடியில் ஏதோ துகள் துகளாகப் படிந்தது. ஒருமுறை உறைந்த மருந்து அப்படித்தான். மறுபடி உருகினாலும் உயிர் திரும்பாது. பார்வைக்கு மருந்து, உடம்புக்குள் போனால் வெறும் தண்ணீர்.

நல்ல குப்பி அசையாமல் பால்போலவே நின்றது.

எல்லையிலிருந்து வந்த குப்பியைத்தான் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அது அவள் கெடுத்த குப்பியோடு போட்டி போட்டுக்கொண்டு தெளிந்தது.

அக்கா கையை நீட்டினாள். "இன்னொண்ணு எடு" என்றாள். வேறொரு மையத்திலிருந்து திரும்பி வந்த குப்பி. அதுவும் தெளிந்தது. இன்னொன்று. அதுவும்.

"போதும்க்கா" என்றான் தம்பி.

"ஐஸ் பேக்கை வெளிய எடுத்து வியர்க்க வைக்கிறீங்களா, இல்லையா?"

இதுதான் இந்த வேலையின் பால பாடம். உறைய வைக்கும் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்தின் பக்கத்தில் அடுக்கக் கூடாது. மேசையில் பரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். மேலெல்லாம் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குளிரே மருந்தைக் கொன்றுவிடும்.

"இல்ல."

"எப்போலேர்ந்து?"

"கேடயம் வந்ததுலேர்ந்து."

கேடயம் அக்காவின் யோசனை. மாலையில் பெட்டிகள் திரும்பி வரும்போது எந்த மையத்தின் ஐஸ் இன்னும் கெட்டியாக இருக்கிறதோ, அந்த மாதம் அவர்களுக்கும், பெட்டி கட்டிய கிடங்குக்கும் கேடயம். வெயிலில் மருந்து கெட்டுப் போவதை நிறுத்த அவள் கண்டுபிடித்த வழி. நன்கொடை கொடுப்பவர்கள் கைதட்டினார்கள். மையங்களுக்குள் போட்டி சூடு பிடித்தது. போட்டி என்று வந்துவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வியர்த்த ஐஸ் சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிடும். வியர்க்காத ஐஸ் தளராது.

"நீ கேட்டது கெட்டி ஐஸ்" என்றான் தம்பி. "நான் குடுத்தது கெட்டி ஐஸ். நீயும்தான் பார்த்தியே அக்கா. வீடியோ எடுக்க வந்தப்போ பக்கத்துலதானே நின்னே?"

நின்றாள். தம்பி பெட்டியைத் திறந்து, ஐஸை எடுத்து, ஒரே வீச்சில் அடுக்கி மூடியதைப் படம் பிடிக்கச் சொன்னவளே அவள்தான். 'பாருங்கள், எவ்வளவு சுறுசுறுப்பு!' என்று பின்னணியில் பேசியதும் அவள் குரல்தான். பேசும்போது மேசை காலியாக இருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்தி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மற்ற நான்கு நாடுகளிலும் பெட்டி கட்டப் பழகினார்கள்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்குப் பெட்டி போயிடுச்சா?"

"இப்பத்தான்."

"திருப்பிக் கூப்பிடு."

தம்பி வண்டி ஓட்டுநர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தான். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. எடுக்காதவர்களை மறுபடி மறுபடி கூப்பிட்டான். அக்காவுக்கு அவன்மேல் கோபம் வந்திருந்தால் தேவலை. வரவில்லை.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றான் போனை இறக்கிவிட்டு. "கையெழுத்து முடியட்டும். அப்புறம் ஓசைப்படாம எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். இப்போ நீ வாயைத் திறந்தா திட்டமே ஊத்தி மூடிடும்."

"போட்ட பிள்ளைங்க எல்லாருக்கும் மறுபடி போடணும்டா. அதை எப்படி ஓசைப்படாம செய்வே?"

"ஊரு நம்பாதுக்கா. ஒரு தடவை தண்ணியைப் போட்டாங்கன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை எந்தத் தாயும் பிள்ளையைக் கூட்டிட்டு வர மாட்டா."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அக்காவை உலுக்கியது.

"மத்தியானம் தலைவரைப் பார்க்கப் போறேன்" என்று எழுந்தாள். "அதுக்குள்ள இங்கேருந்து ஒரு குப்பி வெளிய போகக் கூடாது."

மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகத் தம்பி மனைவியிடம் போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தாள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இந்த யோசனையோடு அவள் படியேறியபோது, கதவு தானே திறந்துகொண்டது.

"வாங்க அண்ணி! விமானம் இன்னிக்குச் சரியான நேரத்துக்கு இறங்கிடுச்சு" என்று தம்பி மனைவி வரவேற்றாள். வாயாடி. ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். "உங்க தம்பி வந்தார், இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டார், சாப்பாடு வேணாம்னுட்டு ஓடிட்டார். நாளைக்கு வர்ற விருந்தாளிக்கு இன்னிக்கே மாப்பிள்ளைக் கோலம். குளிர்ப்பெட்டியக் கட்டிக்கிட்டவளுக்கு என்ன மரியாதை, சொல்லுங்க!"

"அத்தை!" என்று வாண்டு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. தம்பியின் ஒரே மகள். பேச ஆரம்பித்ததிலிருந்து நிறுத்தவே இல்லை. "அத்தை, எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணுக்குத் தொண்டை வலி. அவ லீவு. எனக்கு மட்டும் லீவே இல்ல."

அக்காவின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"வாயைத் திற, கண்ணு."

"எதுக்கு?"

"சும்மா. அத்தை பார்க்கிறேன்."

வாண்டு 'ஆ' என்று திறந்தது. சுத்தமான சிவப்புத் தொண்டை. ஒன்றும் இல்லை. அக்கா அதன் கன்னத்தைத் தடவிவிட்டு நிமிர்ந்தபோது, தம்பி மனைவி பரிமாறும் கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய் விளையாடு" என்று மகளை உள்ளே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். "என்ன அண்ணி விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா அவர் அப்படி ஓடினார்? ஒண்ணுமில்லாததுக்கா நீங்க என் பிள்ளை வாய்க்குள்ள எட்டிப் பார்க்கிறீங்க?"

மறைக்கலாம் என்றுதான் அக்கா வாயெடுத்தாள். வந்தது உண்மை. குப்பிகள், ஐஸ், கேடயம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வாண்டுக்குப் போட்டது எந்த மருந்து?" என்று கேட்டாள்.

"அதே கிடங்கு. அதே மாதிரி கட்டின பெட்டி."

"தனியார்ல போட்டுக்கிறேன்னு சொன்னேன். நீங்கதான் கேக்கல. 'நம்ம வீட்டுப் பிள்ளைக்கே நம்ம ஊசி போடலன்னா ஊர்ல எவன் போடுவான்'னு சொன்னீங்க. போட்டோகூட எடுத்தீங்க அண்ணி."

"சொன்னேன்."

"உங்களைத் திட்டணும்னு வாயில வருது. ஆனா நீங்க என்னைவிட அதிகமா நடுங்கிட்டு இருக்கீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பிள்ளையை நான் இன்னிக்கே கூட்டிட்டுப் போய்ப் போட்டுக்குவேன். எனக்குச் சொல்ல நீங்க இருக்கீங்க. மத்தவங்களுக்கு யார் அண்ணி சொல்லுவா?"

அக்கா இலக்கில்லாமல் தலையாட்டினாள். சாப்பாடு அப்படியே ஆறிக் கிடந்தது. இருவருமே அதைத் தொடவில்லை.

திட்டத்தின் தலைவருக்கு அலுவலகத்தில் 'எண்ணெய்' என்று பெயர். எந்தக் கதவையும் கிரீச்சிடாமல் திறப்பார், கிரீச்சிடாமல் மூடுவார். அவர் அறையின் நாற்காலிகள்கூடச் சத்தம் போடாது.

"உட்காருங்க மேடம். உங்களுக்குத்தான் காத்திருக்கேன்" என்றார், மிகவும் கனிவாக.

"சார், ஒரு பெரிய தப்பு நடந்திருக்கு."

"தெரியும்."

அக்கா திடுக்கிட்டாள். அவர் ஜன்னல் திரையைச் சரிசெய்துவிட்டு வந்து எதிரில் அமர்ந்தார்.

"உங்க தம்பி வந்திருந்தார். நல்ல பையன். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். ஐஸை வியர்க்க வைக்கிற வழக்கத்தை அவரா நிறுத்திட்டாராம். அவர் கிடங்குல மட்டும். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம். கையோட ராஜினாமாவும் குடுத்துட்டார்."

இஸ்திரி போட்ட சட்டை எதற்கென்று அக்காவுக்கு இப்போது விளங்கியது.

"ஒரு கிடங்கு, ஒரு ஆள், ஒரு தப்பு. அந்தப் பகுதிக் குழந்தைங்களுக்கு மட்டும் மறுபடி ஊசி போட்டுடலாம். நாளைக்கு விருந்தாளிங்களுக்கு வேற இடம் காட்டலாம். அந்த வீடியோவையும் எடுத்துடச் சொல்லிட்டேன். உங்க பேர் எதுலயும் வராது." அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். "தைரியமா இருங்க."

சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு கணம் அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. தலையில் இருந்த மலையை வேறொருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனாக வந்து, கேட்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வேறு வேலை தேடித் தரலாம், மாதாமாதம் வீட்டுக்குக் கொடுக்கலாம், வாண்டைத் தானே படிக்க வைக்கலாம் என்றெல்லாம் மனசு கடகடவென்று கணக்குப் போட்டது.

பிறகு அவளுக்கு மற்ற நான்கு நாடுகளின் கிடங்குகள் கண்முன் வந்தன. அங்கேயும் காலியான மேசைகள். அங்கேயும் சுவரில் கேடயங்கள். தம்பி பாசத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்யை அவள் ஏற்றுக்கொண்டால், தப்பு இந்த ஒரு கிடங்கோடு முடிந்துபோகும். அந்த நான்கு நாட்டுக் குழந்தைகள் யாருக்கும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

"என் தம்பி பொய் சொல்றான் சார்" என்றாள்.

எண்ணெயின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "யோசிச்சுப் பேசுங்க."

"கேடயம் நான் கொண்டு வந்தது. வீடியோ நான் எடுத்தது. அஞ்சு நாட்டுலயும் இப்படித்தான் பெட்டி கட்டுறாங்க. எல்லா இடத்துலயும் இன்னிக்கே நிறுத்தணும். எல்லாரும் கேக்கிற மாதிரி அறிவிக்கணும்."

"அறிவிச்சா என்ன ஆகும் தெரியுமா? கலவரம் ஆகும். ஊசி போடற பொண்ணுங்களை அடிப்பாங்க. நாளைக்கு இந்தத் திட்டமே இருக்காது. உங்க தம்பிக்கு ராஜினாமாவோட போகாது, வழக்கு வரும். பக்கத்து நாற்காலியில நீங்க இருப்பீங்க." குரல் ஏறவே இல்லை. "அவன் குடுத்ததை வாங்கிக்கோங்க மேடம். ஒரு தம்பி இதைவிட என்ன செய்வான்?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை நினைத்துத்தான். எழுந்து, மேசையிலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் கையை நீட்டி அதன்மேல் வைத்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து சொந்தப் போனை எடுத்தாள்.

"இதை நீங்க எங்கிருந்து பேசினாலும், இந்த ஆபீஸ்லேருந்து பேசினதா ஆகாது" என்றார் எண்ணெய். "உங்க உத்தரவை இனிமே யாரும் கேக்கணும்னு அவசியமும் இல்ல."

அந்த நான்கில் கிழக்கே தொலைதூரத்தில் இருக்கும் நாட்டின் கிடங்குக்கு மணி அடித்தது. அங்கே ஏற்கெனவே சாயங்காலம் ஆகியிருக்கும். நீண்ட நேரம் யாரும் எடுக்கவில்லை. பிறகு கிடங்குப் பொறுப்பாளரின் குரல் கேட்டது. அவருக்குப் பின்னால் ஒரே சிரிப்பும் கைதட்டலும்.

"மேடம், நீங்களா! நூறு ஆயுசு! இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம். இன்னிக்கு ஒரே நாள்ல எல்லா கிராமத்துக்கும் ஊசி போட்டு முடிச்சுட்டோம். பெட்டியெல்லாம் திரும்பி வந்தாச்சு. ஐஸ் கல்லு மாதிரி அப்படியே இருக்கு மேடம்! எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஒரு வார்த்தை பாராட்டிப் பேசுங்க."